இடதுகைக் காலர்

கைக்கு விலை கிடையாது என்று சொல்கிறவர்கள் கையை விற்றுப் பார்த்ததில்லை. பாபினின் இரண்டு கைகளும் ஒரு பழைய லேப்டாப்புக்குப் போயின. அதுவும் சார்ஜர் இல்லாமல்.

தையல் கல்லூரியில் அவள் சேர்ந்த ஆண்டுதான் தொற்று வந்து கதவைச் சாத்தியது. வகுப்பிலிருந்த நாற்பது பேரும் ஒருவரையொருவர் ஆன்லைன் வகுப்புத் திரையில் தீப்பெட்டி அளவுக்குத்தான் பார்த்திருந்தார்கள். தையல் மிஸ்ஸுக்கும் அவர்கள் அத்தனை பேரும் தீப்பெட்டிகள்தான். தையல் மெஷினுக்குள் சுழலும் நூல் உருளை மாதிரி சின்ன உருவம், நிற்காத சுழற்சி என்பதால் வகுப்பு அவளுக்குப் பாபின் என்று பெயர் வைத்தது. அப்பாவுக்குப் பட்டனும் நூலும் எலாஸ்டிக்கும் விற்கிற கடை. வீட்டில் இருந்த ஒரே போன் காலையில் அவரோடு கடைக்குப் போய்விடும். அதே வகுப்பில் படித்த அத்தை மகளிடமோ லேப்டாப் இரண்டு. அவளுக்கு வகுப்பு வைத்த பெயர் சீமாட்டி.

"என் பிராக்டிகல் வீடியோவுக்கு உன் கையை மட்டும் கொடு. வருஷம் பூரா லேப்டாப்ப நீயே வச்சுக்கோ" என்றாள் சீமாட்டி. "மூஞ்சியா தெரியப்போகுது? கை தானே."

"சார்ஜர்?"

"அது எங்கிட்டயே இருக்கட்டும். இங்க வந்து சார்ஜ் போட்டுட்டுப் போ. இல்லாட்டி நீ எங்க வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்ட."

பத்து வயதிலிருந்து கடையில் பேரம் பேசியவள் அங்கே சறுக்கினாள்.

சட்டைக்குக் காலர் வைப்பதுதான் பரீட்சை. கையும் துணியும் தெரிந்தால் போதும், வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். சீமாட்டி வீட்டு மேசையில், சீமாட்டியின் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு பாபின் ஒரு காலர் வைத்தாள். மோதிரத்தைக் கழற்றிவிட்டுத் தனக்கு ஒன்று. போனைப் பிடித்து வீடியோ எடுத்தது சீமாட்டி. பாபின் பிறவி இடதுகைக்காரி. அளந்ததும் வெட்டியதும் இடது கை.

இரண்டு வீடியோவிலும் ஒரே கை என்று தையல் மிஸ் கண்டுபிடித்துவிட்டார். எல்லாரையும் மியூட்டில் போட்டுவிட்டு, மோதிரக்காரியின் மைக்கை முதலில் திறந்தார்.

"என் கைதான் மிஸ்" என்றாள் சீமாட்டி. குரல் தேன் மாதிரி இருந்தது. "எங்க மாமா பொண்ணாச்சேன்னு பாவம் பார்த்து அவளுக்கும் நானே தைச்சுக் கொடுத்தேன். அதைத் தன்னோடதுன்னு அனுப்புவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பாபின் மைக்குக்காகக் கையைத் தூக்கினாள். லேப்டாப்பில் நாலு சதவீதம் சார்ஜ் இருந்தது. மூன்று, இரண்டு. மிஸ் அவள் பெயரைக் கூப்பிட்டபோது திரை கறுத்துவிட்டது. பதில் சொல்ல முடியாமல் ஓடிவிட்டாள் என்று நாற்பது பேரும் எடுத்துக்கொண்டார்கள். பாபினுக்குச் சுழி. முதலாண்டை மறுபடி படிக்கச் சொன்னார்கள். சீமாட்டிக்கு ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு.

கல்லூரி திறந்த அன்றே பாபின் ஆசிரியர் அறைக்குப் போனாள்.

"நான் இடதுகைக்காரி மிஸ். வீடியோவை ஒரு தடவை பாருங்க."

"செல்ஃபி கேமரால எல்லாருக்கும் வலது இடதாத்தான் தெரியும்மா. முடிஞ்ச விஷயத்தைக் கிளறாத."

அதற்குப் பதில் கிடைத்தது கடையில். ஒரு வாடிக்கையாளர் வீடியோ காலில் வந்து எலாஸ்டிக்கின் அகலத்தைக் கேட்டார். முன்கேமராவுக்கு நேராக டேப்பைப் பிடித்தவள், அப்பாவின் போன் திரையில் எண்கள் திரும்பி நிற்பதைப் பார்த்தாள். பரீட்சை வீடியோவிலும் மேசை மேல் டேப் கிடந்தது. அதில் எண்கள் நேராக இருந்தன. சீமாட்டி எடுத்தது பின்கேமராவில். அப்படியானால் அதில் தெரிந்த இடது கை இடது கையேதான்.

இதை மிஸ்ஸின் காதில் போட்டிருந்தால் மார்க் அன்றைக்கே வந்திருக்கும், சத்தமில்லாமல், உறைக்குள் வைத்த கடிதமாக. பாபினுக்கு அது போதவில்லை. சத்தத்தோடு போன மானம் சத்தத்தோடு வர வேண்டும்.

அன்றிலிருந்து அவள் சீமாட்டியைப் புகழ ஆரம்பித்தாள். கேன்டீனில், நூலகத்தில், கடைக்கு நூல் வாங்க வந்த மிஸ்ஸிடம். "எங்க அத்தை மக வைக்கிற மாதிரி காலர் வைக்க ஆள் கிடையாது மிஸ். ஜூனியர்ஸுக்கு ஒரு தடவை செஞ்சு காட்டச் சொல்லுங்க. அவ வகுப்புக்காரங்களும் வந்து பார்க்கட்டும். பின்வரிசைக்குத் தெரியற மாதிரி அவளோட பரீட்சை வீடியோவையும் சுவத்துல ஓடவிட்டா நாங்க பார்த்துப் பார்த்து வெட்டிப்போம்."

"என்னடி, திடீர்னு பாசம் பொங்குது?" என்றாள் சீமாட்டி.

"தப்பு என்னோடதுதானே" என்றாள் பாபின்.

சீமாட்டி பயப்படவில்லை. ஒரு தையல்காரரை வீட்டுக்கு வரவழைத்து இரண்டு மாதமாகக் காலர் பழகியிருந்தாள். நன்றாகவே வைப்பாள்.

வெள்ளிக்கிழமை அறை நிரம்பியது. சுவரில் மோதிரக் கை, மேசையில் மோதிரக் கை. சீமாட்டி டேப்பை வைத்து அளந்து, கத்தரியை எடுத்துக் காலரை வளைவு பிசகாமல் வெட்டினாள். மிஸ் தலையாட்டிப் பாராட்டினார்.

முன்வரிசையில் ஒரு ஜூனியர் பெண் கத்தரியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தாள். "மிஸ், எந்தக் கைல வெட்டணும்? சுவத்துல இடது, அக்கா வலது."

"அது கேமரா கோளாறும்மா. எல்லாம் திரும்பித் தெரியும்."

"அப்ப டேப் மட்டும் ஏன் மிஸ் திரும்பல?" கடைசி வரிசையிலிருந்து பாபின் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. "பன்னெண்டு பன்னெண்டாத்தானே தெரியுது."

மிஸ் வீடியோவை நிறுத்தினார். சுவருக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சீமாட்டியின் கையைப் பார்த்தார்.

"கத்தரியை இடது கைல எடு."

"மிஸ்..."

"எடும்மா. இதுல இருக்கிற மாதிரி வெட்டு."

சீமாட்டி எடுத்தாள். கத்தரி துணியை மென்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள், அது வரிசை வரிசையாக முன்னால் வந்தது. சீமாட்டியின் கண்கள் நிறைந்தபோது பாபின் பார்வையை விலக்கவில்லை. முழுதாகப் பார்த்தாள்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. மோதிர வீடியோவுக்கு மார்க் ரத்து, சீமாட்டி முதலாண்டுக்குத் திரும்ப வேண்டும். கைமாறாட்டத்துக்கு இரண்டு மார்க் பிடித்துக்கொண்டு பாபினுக்கு நாற்பத்தாறு. ஆனால் பதிவேடு மூடியாகிவிட்டதால் அவளும் இந்த ஆண்டை முதலாண்டிலேயே முடிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அத்தை கடைக்கு வந்தாள். பட்டன் டப்பாக்களைப் பார்ப்பது போல நின்றாள்.

"வீட்டுக்குள்ள பேசி முடிச்சிருக்கலாமேடி. அத்தனை பேர் முன்னாடி என் பொண்ணை நிக்க வச்சிட்டியே. அவ சாப்பிடவே மாட்டேங்கறா."

"அவளும் நாப்பது பேர் முன்னாடிதானே அத்தை என்னைத் திருடியாக்கினா? அதே நாப்பது பேரைத்தான் நானும் கூப்பிட்டேன். ஜூனியர்ஸ் கொசுறு."

"இப்ப மனசு ஆறிடுச்சா?"

பாபின் எலாஸ்டிக்கைச் சுருட்டிக்கொண்டே விரல் மடக்கினாள். "நாப்பது பேருக்கு நாப்பது பேர், நேர். மார்க்குக்கு மார்க், நேர். அவ வருஷம் போச்சு, அது கல்லூரி எடுத்துக்கிட்டது, என் கைக்கு வரல. என் வருஷம் ஒண்ணு போச்சு. அது இன்னும் பாக்கி அத்தை."