கை தட்டும் இடம்

அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டது மாஸ்டர் வெங்கடபதி என்று இசைத்தட்டில் அச்சடித்திருக்கிறது. பொய். அவருக்கு ஆர்மோனியம் வாசித்த கோவிந்தராஜுலு, அதாவது நான்தான் போட்டேன் என்று பல வருஷம் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அதுவும் பொய்தான். மெட்டுக்குச் சொந்தக்காரி எங்கள் லைன் வீட்டில் நாலு கதவு தள்ளிக் குடியிருந்தாள். அவள் பேர் எந்தத் தட்டிலும் கிடையாது. போட்டிருந்தாலும் அவள் சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள்.

ஐம்பத்திரண்டாம் வருஷம். சிங்காநல்லூர் ரோட்டில் ஒரு ஸ்டுடியோவில் எனக்கு வேலை. மெட்டு என்றால் ஏதோ ஆகாயத்திலிருந்து இறங்கி வருகிறது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அட போங்கள். முதலாளி பம்பாய் ரெக்கார்டு ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பார். "இதே மாதிரி இருக்கோணும், ஆனா இதுன்னு தெரியக்கூடாது" என்பார். நாங்கள் அதைத் திருப்பிப் போடுவோம். அந்த பம்பாய்க்காரன் அதை எந்த வெள்ளைக்காரன் கிளப்பில் கேட்டானோ, அந்த வெள்ளைக்காரன் எந்தக் கரும்புத் தோட்டத்துக் கூலியிடம் கேட்டானோ, யார் கண்டது. நாங்களாவது யோக்கியமா? மாஸ்டரும் நானும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்கள். எங்கள் நாடக மெட்டுகளில் பாதி பார்சிக்காரன் கொட்டகையிலிருந்து வந்தவை. எல்லாம் கைமாறி வந்த சரக்குதான். அதனால் எடுப்பதில் எனக்குக் கூச்சம் என்பதே இருந்ததில்லை.

அந்தத் தடவை முதலாளிக்கு என்ன கிறுக்கோ, ரெக்கார்டு கொண்டுவரவில்லை.

"இந்தி வாடை போதுமுங்க. நம்ம சனங்க வாயில வர்ற மாதிரி ஒரு டான்ஸ் பாட்டு வேணும். இந்த மாசத்துக்குள்ள குடுக்கலீன்னா கோஷ்டியக் கலைச்சுப்போட்டு மெட்ராஸ்ல பாத்துக்கறேன்" என்றார்.

மாஸ்டர் வெற்றிலையை மென்றபடி என்னைப் பார்த்தார். நான் என் ஆர்மோனியப் பெட்டியைப் பார்த்தேன். பெட்டியில் எதை அழுத்தினாலும் பழைய சரக்குதான் வந்தது.

அதே வாரம் எங்கள் லைனில் மாரப்பன் செத்துப்போனான். மில்லில் பஞ்சு அடிக்கிற இடத்தில் வேலை. தூசி நெஞ்சில் அடைத்து, இரண்டு வருஷம் இருமி இருமிப் போனான். பெண்டாட்டி பூவாத்தாள், ஒன்பது வயசில் ராசப்பன் என்று ஒரே பையன். எங்கள் லைனில் பிணத்தைச் சும்மா எடுக்க மாட்டார்கள். வீட்டுப் பெண் ஒப்பாரி சொல்லி அழ வேண்டும். அழாமல் எடுத்த உயிர் வாசலை விட்டுப் போகாது என்று அங்கே எல்லோருக்கும் நிச்சயம். அதிலும் கெட்டிக்காரிகள் மற்றவள் மெட்டில் அழ மாட்டார்கள். தன் செத்தவருக்குத் தானே ஒன்று கட்டிக்கொள்வார்கள். பூவாத்தாள் கட்டினது இப்படி ஆரம்பிக்கும்:

*பொழுதோட வாரேன்னு போனீங்களே சாமி,*
*பொழுது உழுந்தும் காணலியே சாமி.*

இரண்டாவது அடியில் 'பொழுது' என்று மேலே ஏறி, அங்கே மூச்சு அடைத்து நின்றுவிடுவாள். சரியாக இரண்டு தாளத் தட்டு நேரம். பிறகு 'உழுந்தும்' என்று கீழே இறங்குவாள். துக்கத்துக்குப் போன நான் அந்த இரண்டு தட்டில் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது. உடனே விரல் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. என் விரலுக்கு மானம் ஈனம் கிடையாது.

மறுநாளும் போனேன். துக்கம் கேட்க ஆள் படியேறினால் தாலியறுத்தவள் மறுபடி ஆரம்பித்து அழ வேண்டும், அதுதான் முறை. அந்த முறைதான் எனக்கு வசதியாகப் போயிற்று. மெட்டில் ஒரு வளைவு எனக்குப் பிடிபடவில்லை. காலையில் ஒரு தரம், சாயந்திரம் ஒரு தரம் என்று போனேன். நான் வாசலில் செருப்பைக் கழற்றினால் அவள் முந்தானையை இழுத்துக்கொண்டு ஆரம்பிப்பாள். ஐந்தாம் நாள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்போதும் நான் வந்தேன் என்பதற்காகக் காற்றுக் குரலில் அழுதாள். "நாயுடுவுக்கு எத்தனை பாசம் பாருங்க, ஒரு நாள் தப்பறதில்ல" என்று லைனில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அயோக்கியத்தனத்தில் அதற்கு மேலே ஒன்று உண்டா, எனக்குத் தெரியாது.

அந்த ஐந்தாம் நாள்தான் வளைவு பிடிபட்டது. அதை மறந்துவிடுவதற்குள் பெட்டிக்கு ஓட வேண்டும். அவசரத்தில் எழுந்து, எங்கேயும் சொல்கிற மாதிரி, "வாரேனுங்க" என்றுவிட்டேன்.

அங்கிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சாவு வீட்டில் வாரேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவேன் என்று ஆகும். நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூட அதைச் சொல்லித்தான் கூட்டிப் போவார்கள். நாற்பது வயசுக் கழுதை நான் சொன்னேன். பூவாத்தாள் பக்கத்தில் இருந்த ராசப்பனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

ஸ்டுடியோவில் பெட்டியைத் திறந்து வாசித்தேன். மாஸ்டர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "வேகத்தை ரெண்டு பங்கு ஆக்கு" என்றார். ஆக்கினேன். அழுகை எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. வேகத்தைக் கூட்டினால் போதும், எந்தத் துக்கமும் இடுப்பை ஆட்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பாட்டு எழுதுகிறவர் சாமியை எடுத்துவிட்டு மச்சானைப் போட்டார். பொழுதோட வாரேன்னு போனீங்களே மச்சான். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆடினார்.

கோட்டைமேட்டிலிருந்து வரும் அமீர் ஹம்சா டோலக் வாசிப்பவர். அவர் மட்டும் ஒரு தரம் கேட்டுவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

"நாயுடு, இது மவுத்தான ஊட்டுல இருந்து எடுத்தது தானே?"

"உமக்கெதுக்கு அதெல்லாம்? வாசியும்."

"வாசிக்கத்தான போறேன். அந்தப் பொம்பளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டால் குடுப்பாளா?"

"அப்ப குடுக்க மாட்டான்னு உங்களுக்கே தெரியுது" என்றார் ஹம்சா. பிறகு வாசித்தார். அவருக்கும் குடும்பம் இருந்தது. பூவாத்தாள் மூச்சு அடைத்து நின்ற அந்த இரண்டு தட்டு நேரம் பாட்டில் காலியாகக் கிடந்தது. அங்கே கோஷ்டி முழுக்கக் கை தட்டட்டும் என்று யோசனை சொன்னது நான். பட், பட். அந்த இடம்தான் பாட்டையே தூக்கிக்கொண்டு போயிற்று.

படம் சுமார்தான். பாட்டு ஓடியது ஓட்டம். துடியலூர் டெண்ட்டுக் கொட்டகையில் மணலில் உட்கார்ந்திருந்த சனம் முழுக்க அந்த இடத்தில் பட், பட் என்று தட்டியதை நானே கேட்டேன். கல்யாண வீட்டு ரேடியோ செட்டில், தேர்த் திருவிழாவில், உக்கடத்து டீக்கடையில், எங்கே போனாலும் அதுதான். பேண்டு செட்டுக்காரர்கள் கிளாரினெட்டில் வாசித்தார்கள். அதைப் பார்த்து மெட்ராஸில் இன்னொருத்தன் அதே மாதிரி ஒன்று போட்டான், அவனைப் பார்த்து இன்னொருத்தன். டப்பாங்குத்து என்று அந்த வகைக்கே பேர் வைத்துவிட்டார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

மூன்று நாலு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் பூவாத்தாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மில்லில் கழிவுப்பஞ்சு பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தலையெல்லாம் பஞ்சு.

"ஏனுங்க நாயுடு, ஒரு ஒத்தாசை பண்ணோணும்."

"சொல்லு."

"பையன் ஊட்டுக்குள்ள அந்தப் பாட்டையே பாடறானுங்க. எந்திரிச்சாப் பாட்டு, சோத்துல கை வச்சாப் பாட்டு. சாவு உழாத நாள்ல ஊட்டுக்குள்ள அதப் பாடலாங்களா?"

அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தும் மூன்று வருஷம் ஒரு சொல் சொல்லவில்லை.

"உங்கப்பனுக்கு அழுததுடான்னு அவங்கிட்ட எப்படிங்க சொல்லறது? பாட்டுன்னா உசுரா இருக்கறான். நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பான். வேற பாட்டுப் பாடச் சொல்லுங்க."

"இதென்ன பைத்தியக்காரத்தனம் பூவாத்தா? நாடே பாடுது. நாடெல்லாம் சாவு விழுந்துருச்சா?" என்றேன். குற்றமுள்ளவனுக்குத்தான் வாய் நீளும்.

"நாடு பாடட்டுங்க. அது என்ற ஊட்டுல இருந்து போனதாச்சுங்களே" என்றாள்.

பையனிடம் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் ராசப்பனைக் கூப்பிடவும் செய்தேன். அவன் வந்து நின்றவுடன், "நாயுடுங்க, அந்தப் பாட்டு நீங்க போட்டதாமா? நெசமாங்க?" என்று கண்ணை அகல விரித்துக் கேட்டான். பெருமை என்னைத் தின்றுவிட்டது. பெட்டியைத் திறந்து அவனுக்கு முழுப் பாட்டையும் வாசித்துக் காட்டினேன். அவன் அந்த இடத்தில் சரியாகக் கை தட்டினான். அவன் அப்பனுக்காக அவன் ஆத்தாள் மூச்சு முட்டிய இடம் அது என்று சொல்ல என் வாய் வரவில்லை. வரவில்லை என்ன, நான் சொல்லவில்லை.

அறுபத்தொன்றில் அவனுக்குப் பதினெட்டு நடந்தது. மில்லில் சேர்ந்து நாலு மாதம். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு தோட்டத்துக் கிணற்றில் குதிக்கப் போனான். கோடையில் தண்ணீர் இறங்கி உள்ளே பாறை மேலே வந்திருந்தது. மேலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. மத்தியானம் கயிற்றுக் கட்டிலில் போட்டுக் கொண்டுவந்தார்கள். தலையில் துண்டைச் சுற்றியிருந்தார்கள். அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் போனபோது லைன் முழுக்கக் கூட்டம். தப்பட்டைக்காரர்கள் வந்து தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பூவாத்தாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. "அழு தாயி, அழுது அனுப்பு" என்று பெண்கள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கடைசியில் அவள் வாய் திறந்தாள். அவளுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். சாமி என்பதைக் கண்ணு என்று மாற்றிக்கொண்டாள்.

*பொழுதோட வாரேன்னு போனியே கண்ணு, பொழுது...*

மேலே ஏறினாள். மூச்சு அடைத்து நின்றாள்.

வெளியே தப்பட்டை இரண்டு அடி போட்டது. பட், பட். அடித்தவன் வேண்டுமென்று செய்யவில்லை. பத்து வருஷமாகக் கல்யாணத்திலும் திருவிழாவிலும் அந்த இடத்தில் அடித்துப் பழகிய கை, தானாக விழுந்துவிட்டது. அடித்துவிட்டு அவனே பேயடித்த மாதிரி நின்றான். கூட்டத்தில் எங்கேயோ குழந்தைகள் இரண்டு கை தட்டின. யாரோ ஒருத்தன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சிரிப்பைப் போட்டவன் நான்.

பூவாத்தாள் நிறுத்திவிட்டாள். மறுபடி ஆரம்பிக்கப் பார்த்தாள். 'பொழுதோட' என்றவுடன் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வீட்டில் இத்தனை வருஷம் பையன் பாடிய பாட்டாக அது அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். சுற்றிப் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டிக் கூப்பிட்டாள். போய்க் கிட்டத்தில் குந்தினேன்.

"ஏனுங்க நாயுடு," என்றாள் மெதுவாக, "அதுதான் போயிருச்சு. எனக்கு வேற ஒண்ணு போட்டுக் குடுங்க. நேரமாச்சு, எடுக்கப் போறாங்க. என்ற பையன் அழுகை இல்லாமப் போகக் கூடாதுங்க."

அவள் குத்திக் காட்டவில்லை. நிஜமாகக் கேட்டாள். மெட்டுப் போடுவது என் தொழில் என்று நம்பிக் கேட்டாள்.

நான் கண்ணை மூடினேன். முப்பது வருஷம் பெட்டி வாசித்தவன். முதலில் ஒரு இந்தி ரெக்கார்டு வந்தது. தள்ளினேன். நாடகத்தில் அரிச்சந்திரன் மயானத்தில் பாடுவது வந்தது, அதற்குப் பின்னாலேயே கொட்டகை விசில் சத்தமும் வந்தது. கோயில் தவில் வந்தது, அதற்கும் நான் ஒரு படத்தில் வேஷம் போட்டாயிற்று. எதைத் தொட்டாலும் இன்னொருத்தனுடையது. என்னுடையது என்று ஒரு மூச்சு, ஒரே ஒரு அடி, செத்த பையன் பக்கத்தில் வைக்க என்னிடம் இல்லை. கடைசியில் என் வாய் முணுமுணுத்தது. அவளுடையதையேதான் முணுமுணுத்தேன். அவள் கேட்டுவிட்டு என் வாயைத் தன் கையால் மூடினாள். கையில் பஞ்சுத் தூசி வாசம் அடித்தது.

"போதுமுங்க" என்றாள்.

பாடையைத் தூக்கினார்கள். ஒரு பெண் குரலும் எழவில்லை. தப்பட்டைக்காரர்கள் அடிக்கலாமா என்று பார்த்தார்கள், யாரும் தலையசைக்கவில்லை. கோல்களை இடுப்பில் செருகிக்கொண்டு சும்மா நடந்தார்கள். லைன் முழுக்கச் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஆம்பிளைகள் எல்லோரும் பின்னால் போனார்கள். நானும் போக வேண்டும். செருப்பைத் தேடிக்கொண்டு வாசலில் நின்றேன். இந்தத் தடவை தப்பக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினேன்.

"நாயுடு" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

திரும்பினேன். காலிக் கட்டிலின் காலை அவள் இன்னும் விடவில்லை.

"அன்னிக்குச் சொன்னீங்களே, அதச் சொல்லிப்போட்டுப் போங்க. இனி இந்த ஊட்டுல நான் ஒருத்திதான இருக்கறேன்."

சுற்றியிருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். அவள் என்னிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறாள். இரண்டை நான் செய்யவில்லை.

"வாரேனுங்க" என்றேன்.