முதுகுப் பக்கம்

கத்தியோடு எதிரே பாய்ந்த செல்லமுத்துவைத் தற்காப்புக்காகச் சுட்டதாகப் பொலிஸ் சொன்னது. ஆஸ்பத்திரியில் கொடுத்த அவன் சட்டையிலோ ஓட்டை முதுகில்தான் இருந்தது. அதைப் பார்த்தவள் அவன் மனைவி அங்கம்மா.

கண்டி நீதிமன்றத்தில் அவளுடைய சட்டத்தரணி சட்டையை விரித்தார். ஓட்டையைக் காணோம்.

“என்னம்மா செஞ்சீங்க?”

“கருமாதிப் படையல்ல கிழிசலை வைக்கலாங்களா? தொவச்சுத் தச்சேன்.”

பிலிமத்தலாவைத் தையற்கடையில் பதினோரு வருஷம் பழகிய கை. சட்டை ஓரத்திலிருந்தே நூல் உருவி ஓட்டையைத் தைத்திருந்தாள். பாழாய்ப்போன கெட்டிக்காரத்தனம். நீதவான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை.

“ஒரு பிளேடு குடுங்க ஐயா, பிரிச்சுக் காட்டுறேன்.”

சுட்ட சார்ஜன்டின் சட்டத்தரணி எழுந்தார். “சாட்சிப் பொருளில் இனி யாரும் கைவைக்கக் கூடாது, கனம் கோர்ட்டார் அவர்களே.”

நீதவான் அதை ஏற்றுக்கொண்டார்.