சரியான கூட்டுத்தொகை

ஓய்வூதிய அலுவலகத்தில் ஒப்புதல் படிவம் அக்காவின் கைக்கு வந்தபோது கவுன்ட்டர் மூட இருபது நிமிடம்தான் இருந்தது. ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறேன், வழக்குக்கும் போகமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் அரசாங்கம் நிறுத்தி வைத்த நான்கு மாதப் பணம் வரும். இன்று கடைசி நாள். போடாதவர்களுக்குத் தீர்ப்பு வரும்வரை ஒன்றும் கிடையாது. அதுவரை உயிரோடு இருப்போமா என்பதே அவளுக்குச் சந்தேகம்.

"யாரும் போடமாட்டோம்னு சங்கத்துல சத்தியம் பண்ணிட்டு வந்தேன்டா."

"சத்தியம் என் லேத்தைக் காப்பாத்துமா அக்கா? நாளைக்குக் காலைல வண்டி கொண்டுவந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க."

தம்பியின் பட்டறைக்கு வரி பாக்கி. இரும்பு கடையும் அந்த ஒற்றை லேத்தில்தான் இந்த நான்கு மாதமும் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்தது. வரப்போகும் பணம் அந்த வரிக்குத்தான் சரியாக இருக்கும். அரசாங்கம் இந்த ஜன்னலில் கொடுப்பதை அடுத்த தெரு ஜன்னலில் வாங்கிப் போட்டுக்கொள்ளும். அவள் வாழ்நாள் முழுக்க மூன்றில் ஒரு பங்கை இழப்பதுதான் மிச்சம்.

வரி அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் சரிபார்க்கும் எழுத்தராக இருந்தவள் அவள். ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய தொழிற்சாலைக்குப் பதினைந்து வருட வரிவிலக்கு கொடுத்த கோப்பும் அவள் மேஜை வழியாகத்தான் போனது. கூட்டல் சரியாக இருந்தது, டிக் போட்டாள். நியாயமா என்று பார்க்க அவளுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. இப்போது கஜானா காலி என்கிறார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தைப் படித்தாள். பேனா காகிதத்தில் படாமல் தானாக ஒவ்வொரு வரியாக இறங்கியது. கடைசியில் நின்றது. மொத்தத்தில் எட்டாயிரம் குறைந்தது. அச்சிட்ட தொகைக்குப் பக்கத்தில் சரியான தொகையை எழுதிச் சுருக்கொப்பமும் போட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது.

"இப்பக்கூடவா அக்கா?" என்றான் தம்பி. கோபப்படக்கூட அவனிடம் தெம்பில்லை.

கவுன்ட்டர் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். "என்னம்மா பண்ணிட்டீங்க! கட்டத்துக்குள்ள பேனா பட்டா மெஷின் எடுக்காது. ஆளுக்கு ஒரு படிவம்தான் வந்திருக்கு."

"கூட்டல் தப்பும்மா."

"தப்போ சரியோ, அச்சுல இருக்கறதுதான் வரும்."

"ஆபீசர் பார்த்துக் கையெழுத்துப் போட்டா?"

"அவர் மத்தியானமே கிளம்பிட்டார். அந்தத் தொழிற்சாலையில புதுக் கட்டடம் திறக்கறாங்க."

தம்பி ஜன்னலுக்குள் கை விட்டு, பென்சில் சீவும் பிளேடை எடுத்தான். "எட்டாயிரத்தை நான் எங்கயாவது புரட்டறேன். நீ அசையாமப் பிடி."

இரும்பில் மயிரிழை சீவுகிற கை அது. காகிதத்தில் மையைச் சுரண்டத் தொடங்கியது. அக்கா இரண்டு விரலால் படிவத்தை அழுத்திக்கொண்டாள். முதலில் சுருக்கொப்பம் போனது, பிறகு ஒவ்வொரு எண்ணாக மங்கியது. அந்த இடத்தில் காகிதம் மெலிந்து கீழே மேஜையின் நிறம் தெரிந்தது. அச்சிட்ட தொகை மட்டும் அப்படியே இருந்தது. கவுன்ட்டர் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அக்கா குனிந்து, சரியான தொகையின் தூளை மெல்ல ஊதினாள்.