சிவப்பு நூலை ஒட்டிய முடிச்சு

எங்கள் கரையில் வலையில் ஏறியதெல்லாம் வலைக்காரனுக்குச் சொந்தம். சூறை மீனானாலும் சரி, சின்னையனானாலும் சரி. சின்னையன் நான்தான்.

காணும் பொங்கலன்று மாமல்லபுரத்தில் குளிக்க இறங்கினேன். மறைமலைநகர் கம்பெனியில் கூட வேலை செய்தவர்கள் கரையில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, அலை என்னைத் தெற்கே இழுத்துப் போனது. அங்கே ஒரு மீனவக் குப்பத்தில், வலைக்காரர் கோதண்டராமனின் கரைவலையில் மீனோடு மீனாக ஏறினேன். உயிரைக் காப்பாற்றியவர் அவர்தான், மறுக்கவில்லை. காப்பாற்றிய உயிரை அவரே வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். நான் கண் திறப்பதற்குள் என் நிழலைச் சுருட்டி வலையின் கண்ணியொன்றில் முடிச்சுப் போட்டுவிட்டிருந்தார்.

நிழல் இல்லாதவனுக்கு நாதியில்லை. என் மனைவி வரலட்சுமி மதுராந்தகத்திலிருந்து வந்து, ஒரு போலீஸ்காரரைக் கையோடு கூட்டி வந்தாள். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. காலடியைப் பார்த்தார். வெறும் மணல்.

"வலைல வந்ததாம்மா? அப்ப நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஓடிப் போயிருக்கலாமே என்பீர்கள். ஓடிப் பார்க்காமலா இருப்பேன்? குப்பத்துக்கு மேற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை. அதன் வெள்ளைக் கோட்டை மிதித்ததும் கால் இரண்டும் குழைந்த சோறாகிவிடும். தவழ்ந்துதான் திரும்ப வேண்டும். கல்பாக்கம் போகிற பஸ்கள், வேலைக்குப் போகச் சலித்துக்கொள்ளும் முகங்களோடு என்னைத் தாண்டிப் போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இறங்கி வாடா, இடத்தை மாற்றிக்கொள்வோம் என்று கத்தத் தோன்றும். எனக்கென்ன பெரிய ஆசையா? என் வீட்டில், கடகடவென்று சத்தம் போடும் என் மின்விசிறிக்குக் கீழே, வரலட்சுமியோடு சண்டை போட்டுவிட்டுத் தூங்க வேண்டும். அதற்காக நான் அழாத நாளில்லை.

எனக்குக் கொடுத்த வேலை, வலையில் கிழிசல் பார்ப்பது. கொடுமையைப் பாருங்கள், என்னைக் கட்டிப்போட்ட வலைக்கு நானே வைத்தியன். கோதண்டராமன் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று.

"கத்தி மட்டும் வைக்காத. எந்த முடிச்சானாலும் வெரலால அவுரு."

கஞ்சத்தனம் என்று நினைத்தேன். நிழலுள்ள முடிச்சில் கத்தி பட்டால் ஆள் அந்த நிமிஷமே காலி என்று குப்பத்தில் பிறகு சொன்னார்கள். இன்னொன்றும் சொன்னார்கள்: கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும், வேறு யார் அவிழ்த்தாலும் நிழல் வராது. ஊரே நம்பியது. நானும் நம்பினேன். அதனால் என் முடிச்சு எது என்று தேடக்கூட இல்லை.

வரலட்சுமி சளைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, கோதண்டராமனின் மனைவி ஆதியம்மாளின் வாசலில் உட்கார்ந்துவிடுவாள். சண்டையில்லை, அழுகையில்லை. சும்மா உட்கார்ந்திருப்பாள். கடைசியில் ஆதியம்மாளுக்கே தாங்கவில்லை. "அவன அனுப்பு. அது வரிக்கும் உனக்கு நாஸ்தாவும் கெடியாது, சோறும் கெடியாது" என்று புருஷனிடம் சொல்லி அடுப்பை அணைத்துவிட்டாள். பசி கோதண்டராமனை வழிக்குக் கொண்டுவந்தது.

அந்த ஞாயிறு வரலட்சுமி சாலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். "நீயா தாண்டி வா. நான் இங்கேர்ந்து பாக்கறேன்" என்றாள். கையில் எனக்கான புதுச்சட்டை.

மணலில் வலையை விரித்தோம். கோதண்டராமன் மிதவைக் கயிற்றோரம் தடவிக்கொண்டே போய், ஒரு சிவப்பு நூல்துண்டுக்குப் பக்கத்தில் நின்றார். அதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், குப்பை என்று நினைத்திருந்தேன். அதை ஒட்டிய முடிச்சை அவிழ்த்தார். நான் காலடியைப் பார்த்தேன். மணல்.

அவர் பக்கத்து முடிச்சை விரலால் உருட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"இன்னாடா இது? நான் போடறது ரெட்டைச் சுத்து. இங்க எல்லாம் ஒத்தைச் சுத்தா கீது. இது உன் கை. இங்க அவுத்தியா?"

"போன ஆடில கிழிஞ்சி கெடந்துச்சி மொதலாளி. கத்தி வைக்காதன்னு நீங்கதான சொன்னீங்க? வெரலாலயே மொத்தமா அவுத்து, புதுசா பின்னினேன். மிச்ச நூல வீணாக்காம வலை பூரா ஒட்டுப் போட்டேன்."

சொல்லும்போதே அந்த மத்தியானம் நினைவுக்கு வந்துவிட்டது. அவிழ்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று உடம்பு லேசானது. என்னவென்று தெரியாத ஒரு சந்தோஷம். சாலைக்கு அந்தப் பக்கத்துக் கடையில் ஒரு டீ குடிக்கலாம் என்று எழுந்தேகூட நின்றேன். காற்று நன்றாக அடிக்கிறது, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். குனிந்து காலடியைப் பார்க்கவில்லை. இந்த வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்து, அவிழ்த்ததையெல்லாம் இழுத்து இழுத்து இறுக்கிக் கட்டினேன். வலை பூராவும் ஒட்டுப் போட்டு முடித்தபோது டீ ஆசை போயிருந்தது.

ஆக, எந்தக் கை அவிழ்த்தாலும் நிழல் வரும். என் கையாலேயே விடுதலையாகி, என் கையாலேயே என்னைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எந்த முடிச்சில் என்று கடவுளுக்குத்தான் தெரியும். மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

கோதண்டராமன் தலையைச் சொறிந்தார். பாவம், அவரும் பசியில் இருந்தார்.

"தேடிக்க. வேணாங்கல. ஆனா அவுத்தா கட்டிடணும். காலைல வலை கடலுக்குப் போவணும், எட்டு வூடு இத நம்பிக்கினு கீது."

காலையில் கடலுக்குப் போகிற வலையைப் பாறை கிழிக்கலாம், விசைப்படகின் அடியில் சுழலும் காற்றாடி அறுக்கலாம். அறுபடும் கண்ணி என்னுடையதாகவும் இருக்கலாம்.

மிதவை முனையில் தொடங்கினேன். ஒரு முடிச்சு அவிழ்ப்பேன், காலடியைப் பார்ப்பேன், கட்டுவேன். அடுத்தது. வலை முடிவே இல்லாமல் மணலில் கிடந்தது. எதிரே மணலில் ஒரு நிழல் விழுந்தது. என்னுடையதோ என்று நிமிர்ந்தேன்.

வரலட்சுமி. சாலையைத் தாண்டி வந்திருந்தாள். தூரத்திலிருந்தே எல்லாம் புரிந்திருக்க வேண்டும். புதுச்சட்டையை மடித்துப் படகின் மேல் வைத்தாள். வலையின் மறுமுனைக்குப் போய், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, முதல் முடிச்சில் நகத்தை வைத்தாள்.

"வரலட்சுமி," என்று கத்தினேன். "அவுத்த ஒடனே கட்டிடாத. மொதல்ல என் காலப் பாரு."