உச்சியில் துணி காயப்போட்டவள்

தெருவில் அவருக்கு மலைக்கிறுக்கர் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆறு மாதம் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு மலையில் அலைவார். மீதி ஆறு மாதம் ஊர் ஊராகப் போய் அந்தப் படத்தை அரங்கில் ஓட்டி, திரைக்குப் பக்கத்தில் நின்று தானே கதை சொல்வார். படங்கள் வாய் பேசாத காலம் அது. அந்தக் குறையையும் சேர்த்து இவர் பேசித் தீர்த்தார்.

அவர் கொண்டுவரும் டப்பாக்களில் இருப்பது வெறும் பிலிம்தான் என்பது கைதட்டுகிறவர்களுக்குத் தெரியாது. அதைக் கழுவி, காயவைத்து, வெட்டி ஒட்டி, பார்க்கிற படமாக ஆக்குகிறவள் அவர் மனைவி. கொல்லைப்புறத்துச் சாமான் அறையின் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து இருட்டறை ஆக்கியிருந்தாள். உள்ளே ஒரு சிவப்பு விளக்கு, மூன்று தொட்டிகள், பிலிமைச் சுற்றிவைக்க ஆள் உயரத்துக்கு ஒரு மர உருளை. மருந்துக்கறை தெரியாமலிருக்கக் கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரு கறுப்பு அங்கி போட்டிருப்பாள். பனிச்சரிவில் கயிற்றில் தொங்கியவருக்கு மாலை போட்டார்கள். மருந்துத் தொட்டிக்கு மேல் குனிந்தே இடுப்பு ஒடிந்தவளுக்கு யார் மாலை போடுவார்கள்? அவளும் அதை எதிர்பார்க்கிற ஆள் இல்லை. கொஞ்சம் முணுமுணுப்பாள், அவ்வளவுதான்.

இந்தமுறை அவர் போனது இதுவரை யாரும் ஏறாத ஒரு சிகரத்துக்கு. கயிற்றுத் துணையாக ஒரு கொத்தனார் போனார். ஐம்பதடிச் சாரத்தில் செங்கல் சுமந்து வளர்ந்த மனிதர், உயரம் என்றால் அவருக்கு வீட்டு வாசல் மாதிரி. கேமராவையும் முக்காலியையும் உச்சிவரை முதுகில் சுமந்தவர் அவர்தான். திரும்பும் வழியில் மலைக்கிறுக்கரின் பூட்ஸ் நனைந்துவிட்டது. கொத்தனார் தன் காய்ந்த காலுறையைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டு, நனைந்ததைத் தான் மாட்டிக்கொண்டு நடந்தார். கீழே வந்து சேர்ந்தபோது கொத்தனாருடைய இடது கால் விரல்கள் ஐந்தும், வலதில் இரண்டும் கறுத்துப்போயிருந்தன. மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள்.

அவள் வீட்டுக்காரர் பத்துக் கால்விரலோடு வீடு வந்து சேர்ந்தார். குளித்துவிட்டு ஈரக்காலோடு அவர் கூடத்தில் நடந்த தடம் தரையில் பதிந்திருந்ததைப் பார்த்து அவள் தனியாக உட்கார்ந்து அழுதாள். அந்தக் கொத்தனாருக்கு என்ன செய்தாலும் தகும் என்று தோன்றியது.

செய்வதற்கு ஒன்று இருந்தது. கொத்தனார் இனிமேல் சாரம் ஏற முடியாது. மலையேற்றக் கழகத்தின் பள்ளியில் கயிற்றுப் பயிற்சி ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. அந்தச் சிகரத்தை முதலில் தொட்டவர் என்று பதிவேட்டில் ஏறிவிட்டால் வேலை அவருக்குத்தான். ஆனால் போன வருடம் ஒரு கனவான், பாதி மலையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்து உச்சி என்று கழகத்தின் காதில் பூச்சுற்றியிருந்தார். சூடு கண்ட கழகம் இப்போது கறாராக நின்றது. உச்சியிலிருந்து பார்த்தால் மட்டும் தெற்கே மூன்று முகடுகள் வரிசையாகத் தெரியும் என்பது சர்வே கணக்கு. மூன்றும் படத்தில் தெரிய வேண்டும், இல்லையென்றால் பதிவு இல்லை. கொத்தனாருக்கு மூன்று பிள்ளைகள். சனிக்கிழமை மாலை படம் காட்ட வேண்டும்.

புதன்கிழமை காலை அவள் உச்சி டப்பாவைக் கழுவினாள். மற்றதெல்லாம் பழுதில்லாமல் வந்திருந்தது, அதனால் இதையும் கொஞ்சம் சந்தோஷமாகவே உருளையில் சுற்றி மருந்தில் இறக்கினாள். சிவப்பு வெளிச்சத்தில் மெல்ல மெல்ல உருவம் வந்தது. பனி, வானம், கால் பரப்பி நிற்கும் கொத்தனார். அவர் மார்புக்குக் குறுக்கே ஒரு கோடு. கோட்டில் ஏதோ சதுரம் சதுரமாக ஆடுகிறது. அவள் முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள்.

படுக்கை விரிப்பு. அவள் வீட்டுப் படுக்கை விரிப்பு! பக்கத்தில் வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு அவளே நிற்கிறாள்.

பயணத்துக்கு முந்தின வாரம் கேமரா சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்க, கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவளை அவர் ஒரு சுருள் எடுத்தார். அதைக் கழுவ நேரமில்லாமல் டப்பாவிலேயே கிடந்தது. அந்த வீட்டில் ஒரு ஒழுங்கு உண்டு: புது பிலிம் டப்பாவைச் சுற்றி ஒரே ஒரு ஒட்டுப்பட்டை ஒட்டியிருக்கும். படம் எடுத்தாகிவிட்டால் மூடிக்குக் குறுக்கே இன்னொரு பட்டை ஒட்டுவார்கள். இருட்டிலும் விரலால் தடவினால் தெரிந்துவிடும். பெட்டி கட்டிய அன்று ஒரு டப்பாவில் பட்டைகள் இரண்டும் ஈரத்தில் பாதி உரிந்து தொங்கின. அசிங்கமாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவிட்டு, நறுவிசாகச் சுற்றி ஒரே பட்டை ஒட்டிப் பெட்டியில் வைத்தது அவள்தான். உச்சியில் விரல் மரத்துப்போய் நின்ற மனிதர் தடவிப் பார்த்திருப்பார், ஒரு பட்டைதான் இருந்திருக்கும், நம்பிப் போட்டிருப்பார். ஏற்கெனவே எடுத்த படத்தின்மேலேயே சிகரமும் ஏறி உட்கார்ந்துவிட்டது.

குளிரில் பிலிம் அறுந்துவிட்டது என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. குளிரில் பிலிம் அறுவது சகஜம்தான். அந்தப் பொய்யை அவள் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றாள். பிறகு பிலிமைக் காயப்போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"என்னங்க, உச்சி போச்சுங்க. நான்தான் கெடுத்தேன்" என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள்.

அவர் கவிழ்த்துவைத்த வாளியில் உட்கார்ந்தார்.

"நாலு மாசம்டி" என்றார் கடைசியில். "சுத்தம் சுத்தம்னு சாகறியே, அந்த ஒரு டப்பாவையாவது விட்டிருக்கக் கூடாதா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்தார். வரும்போது கோபம் இறங்கி முகம் வாடியிருந்தது.

"என்னை விடு. நான் இன்னொரு மலை ஏறிக்குவேன். அந்த மனுஷன்கிட்ட யார் போய்ச் சொல்றது?"

"நான்தான் போவேன். ஆனா பிரிண்ட் போட்டுப் பார்க்காம போகமாட்டேன். நெகட்டிவை வச்சு ஒரு முடிவுக்கு வரக்கூடாதுங்க."

மறுநாள் பிரிண்ட் போட்டு, கூடத்துச் சுவரில் ஓட்டிப் பார்த்தாள். கொல்லையின் வெள்ளைச் சுவரும் வெள்ளை விரிப்பும் விழுந்த இடமெல்லாம் மலை வெளுத்துக் காணாமல் போயிருந்தது. ஆனால் படம் எடுத்த அன்று இருட்டறைக் கதவு அவளுக்குப் பின்னால் திறந்து கிடந்திருக்கிறது. இருட்டு எதையும் பிலிமில் பதிப்பதில்லை. அந்தக் கதவளவு இடம் புது பிலிமாகவே உச்சிவரை போயிருக்கிறது. அந்த வாசலுக்குள் கொத்தனார் துல்லியமாக நின்றார், அவர் தோளுக்கு மேல் முதல் முகடும் இரண்டாவது முகடும் தெரிந்தன. மூன்றாவது வாசலுக்கு வெளியே, வெள்ளைச் சுவரில் கரைந்து போயிருந்தது.

அவள் ஐந்தாவது தடவை ஓட்டியபோதுதான் அதைப் பார்த்தாள். திரையில் இருந்தவள் கூடைக்குக் குனிந்து குனிந்து துணி எடுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரே ஒரு தடவை, இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்றாள். அவள் போட்டிருந்தது அந்தக் கறுப்பு அங்கி. நிமிர்ந்ததும் அங்கி சுவரை மறைத்தது, அங்கிக்குள் மூன்றாவது முகடு முளைத்தது. நான்கு எண்ணுவதற்குள் மறுபடி குனிந்துவிட்டாள்.

"பாவி, இன்னும் கொஞ்ச நேரம் நின்னா என்னடி?" என்று அவள் சுவரைப் பார்த்துத் திட்டினாள்.

சனிக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஓய்வு பெற்ற சர்வேயரான கழகத் தலைவர் மடியில் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் ஊன்றுகோல்களோடு கொத்தனார். அவரிடம் அவள் வெள்ளிக்கிழமையே போய் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். "சரி தங்கச்சி, பார்ப்போம்" என்றதோடு சரி, அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வழக்கமாகப் புரொஜெக்டர் ஓட்டும் ஆளை அன்று அவள் கிட்டேயே சேர்க்கவில்லை. கைப்பிடியை அவளே பிடித்துக்கொண்டாள்.

ஏறுகிற காட்சிகள் முடிந்தன. மலைக்கிறுக்கர் தொண்டையைச் செருமினார்.

"அடுத்து உச்சி. அதுல ஒரு அம்மா துணி காயப்போடுவாங்க. அவங்க என் சம்சாரம். ஒரே பிலிம்ல ரெண்டு தடவை படம் விழுந்துடுச்சு. முதல்ல எல்லாரும் சிரிச்சு முடிச்சுடுங்க. அப்புறம் தயவுசெஞ்சு கதவுக்குள்ள பாருங்க."

அரங்கம் வயிறு குலுங்கச் சிரித்தது. சிகரத்தின் காற்றில் வீட்டு விரிப்பு படபடத்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? "வெயில் நல்லா அடிக்குது, சீக்கிரம் காஞ்சிடும்!" என்று ஒருவர் கத்தினார். அவளுக்குக் காது சுட்டது. கை மட்டும் சீராகச் சுற்றியது. நின்றால் விளக்குச் சூட்டில் பிலிம் பற்றிக்கொள்ளும்.

"ஒண்ணு" என்று சர்வேயரின் குரல் கேட்டது. சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. "ரெண்டு." இப்போது சத்தமே இல்லை. "மூணாவது எங்கே?"

"வரும் ஐயா. அவங்க நிமிரணும்" என்றார் மலைக்கிறுக்கர்.

திரையில் அவள் குனிந்தாள். ஒரு தலையணை உறையை எடுத்தாள். உதறினாள். மறுபடி குனிந்தாள். நானூறு பேர் ஒரு பெண்ணின் முதுகைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தார்கள்.

"நிமிரும்மா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "கூடையை விடு தாயி!" என்று இன்னொன்று. ஒருத்தர் இரண்டு பேராகி, அரங்கமே "நிமிரு, நிமிரு" என்று திரையைக் கெஞ்சியது. கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்தவளும் தன்னை மறந்து கத்தினாள். திரையில் இருந்தவள் இடுப்பில் கைவைத்தாள், நிமிர்ந்தாள். கறுப்பு அங்கிக்குள் வெள்ளை வெளேரென்று மூன்றாவது முகடு நின்றது.

"மூணு!" என்று சர்வேயர் எழுந்தே நின்றுவிட்டார்.

மனிதர் லேசில் விடுகிறவர் இல்லை. மேலும் இரண்டு தடவை ஓட்டச் சொன்னார், கையில் கொண்டுவந்த வரைபடத்தோடு ஒப்பிட்டார், முகடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பென்சிலை நீட்டிப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து எழுதினார். கொத்தனாரிடம் போய்க் கைகொடுத்து, "திங்கட்கிழமை பள்ளிக்கு வந்துடுங்க ஆசிரியரே" என்றார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. மலைக்கிறுக்கர் கூட்டத்தைப் பார்க்காமல், விளக்கு வரும் பக்கமாகத் திரும்பி, தன் மனைவியைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார். இருபது வருடக் குடித்தனத்தில் அவளுக்கு இது புதுசு. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பிலிமைச் சுருட்டினாள்.

கூட்டம் கலைந்ததும் கொத்தனார் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"இன்னொரு தடவை ஓட்டும்மா. எனக்கு மட்டும்."

"முகட்டைச் சரியாப் பார்க்கலையாண்ணே?"

"முகட்டை அங்கேயே பார்த்துட்டேனே. நான் என் காலைப் பார்க்கணும். இதுல ரெண்டும் முழுசா இருக்கில்ல."

அவள் பிலிமை மாட்டினாள். காலி நாற்காலிகளுக்கு நடுவே கொத்தனார் உட்கார்ந்தார். திரையில், திறந்த கதவுக்குள், அவர் இரண்டு காலையும் அகட்டிப் பனியில் ஊன்றி நின்றார். பிலிம் பற்றாத அளவுக்கு எவ்வளவு மெதுவாகச் சுற்ற முடியுமோ அவ்வளவு மெதுவாக அவள் சுற்றினாள்.

"அண்ணே" என்றாள். "உங்க காலைக் கொடுத்து எங்க வீட்டுக்காரரை எனக்குத் திருப்பிக் கொடுத்தீங்க. நானோ உங்க படத்துமேல துணியைக் காயப்போட்டேன். இந்த ஜென்மத்துக்கும் உங்களை மறக்கமாட்டேண்ணே."

கொத்தனார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேசாம ஓட்டும்மா" என்றார். "நீ நிமிர்ற இடம் வருது."