கேலரியில் அப்பாவின் சுத்தியல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை, பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பெண்பிள்ளைகளின் பாஸ்கெட்பால் ஃபைனல் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் முட்டை பப்ஸ். எதிரணி கேலரியில், செத்துப்போன என் அப்பா ஆணி அடித்தார். பப்ஸ் மடியில் விழுந்தது. அவ்வளவுதான், கதை பிறந்துவிட்டது.

பக்கத்தில் என் அண்ணன் டெரிக். கோர்ட்டில் ஆடிக்கொண்டிருந்தவள் அவன் மகள் லவினா, பத்தாவது படிக்கிறாள். நான் நோரா. லிங்கராஜபுரத்தில் என் டைனிங் டேபிளில் உட்கார்ந்து சர்ச் பத்திரிகைக்குக் கதை எழுதுகிறவள். எழுதி முடித்ததும் டெரிக்குக்குப் போனில் அனுப்புவேன், அவன் ஏதாவது குறை சொல்வான். இதற்கும் சொல்லியிருக்கிறான், ஆங்காங்கே அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன்.

2

ஆரம்பத்துக்குத்தான் ரொம்பத் திண்டாடினேன்.

'மழை விட்டிருந்த அந்த மாலையில், சிமென்ட் கோர்ட் பளபளவென்று—'

(மழையே பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

'விளையாட்டில் பண்பு என்பது மாணவப் பருவத்திலேயே—'

(எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

சரி, ஆடுகோடியிலிருந்தே தொடங்குகிறேன். நாங்கள் வளர்ந்த வீட்டின் முன்பக்கம்தான் அப்பாவின் கடை. அப்பா பெயர் கிளெமென்ட், சவப்பெட்டி செய்கிறவர். ஓசூர் ரோடு கல்லறைக்குப் போன பெட்டிகளில் பாதி எங்கள் வாசலைத் தாண்டித்தான் போயிருக்கும். அவர் ஆணி அடிக்கிற சத்தம் எங்களுக்கு மனப்பாடம். ஆணியை நிறுத்த மெதுவாக இரண்டு தட்டு, ஒரு மூச்சு விட்டு ஓங்கி ஒரு அடி. டொக் டொக்... டம். அந்தச் சத்தத்தில் ஹோம்ஒர்க் செய்திருக்கிறோம், தூங்கியிருக்கிறோம், கிறிஸ்மஸுக்குக் கல்கல் பலகாரம் உருட்டியிருக்கிறோம். ஐயோ, அந்த மரத்தூள் வாசனையும் வார்னிஷும்! இப்போதும் யாராவது வீட்டுக் கதவுக்குப் பாலிஷ் போட்டால் நான் அங்கேயே நின்றுவிடுவேன்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த இன்னொருவன் எதிர்வீட்டுத் தியோடர். டெரிக்கும் அவனும் ஒரே தெரு, வேறு வேறு பள்ளிக்கூடம். சனிக்கிழமைகளில் அந்த இரண்டு பள்ளிக்கூடங்களும் ஜென்ம விரோதிகள்.

3

அப்போதெல்லாம் கேலரியில் கத்துவதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு. அதற்கு ஒரு தலைவன் இருப்பான். அவன் எதிரணிப் பையன்களின் குண்டு, குள்ளம், திக்குவாய், அக்கா யாரோடு பேசினாள் என்று எல்லாவற்றையும் விசாரித்துப் பாட்டுக் கட்டுவான். யாரும் எதையும் தப்பென்று நினைக்கவில்லை. எங்கள் பக்கமும் சளைத்ததில்லை.

தியோடர்தான் அவர்கள் பக்கத் தலைவன். டெரிக் தன் முதல் மேட்ச்சில், யாரும் தடுக்காமல் தனியாக எறிகிற ஃப்ரீ த்ரோ போட நின்றபோது அவன் கட்டிய பாட்டு மரியாதைக் குறைவாக ஏதோ சொன்னது.

(டெரிக்: 'என்ன மழுப்புறே? என்னைத்தானே சொன்னாங்க, முழுசா போடு.')

போடுகிறேன்.

*அளவெடு, அளவெடு, டெரிக்குக்கு அளவெடு!*
*அப்பன் கையில ஆணியிருக்கு, ஆறடிப் பொட்டி அடி!*

அப்புறம் மொத்தக் கேலரியும் மரப்பலகையில் கையால் தட்டும். டொக் டொக்... டம். அதுவும் அச்சு அசலாக அப்பாவின் தாளம், அந்த ஒரு மூச்சு இடைவெளி உட்பட.

டெரிக் இரண்டு பந்தையும் விட்டான். மேட்ச் போனது. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு அப்பா ஒவ்வொரு முறையும் கேட்பார், 'இந்த வாட்டி நான் வரட்டாடா?' டெரிக் சொல்வான், 'வேணாம்பா, வெயிலு.' சாயங்கால மேட்ச்சுக்கு என்ன வெயில்? அவர் அந்தப் பாட்டைக் கேட்டுவிடக் கூடாது, அதுதான் விஷயம். அப்பா ஒருநாளும் வற்புறுத்தவில்லை. சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்பார்: 'ஜெயிச்சியா?'

அப்பா போய்ச் சில வருஷம் ஆகிறது. மகன் ஆடி அவர் பார்த்ததே இல்லை.

4

தியோடரை வில்லனாக்கப் பார்த்தேன். ஒரு வரைவில் அவனுக்குக் கோணல் பல் வைத்தேன். இன்னொன்றில் அவனை துபாய்க்கு அனுப்பி நஷ்டமடைய வைத்தேன். எதுவும் ஒட்டவில்லை. அவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். அப்பாவின் பெட்டியைத் தூக்கினவர்களில் அவனும் ஒருத்தன், தோள் மாற்ற ஆள் வந்தபோது நகரவே மாட்டேன் என்றான். இப்போது அதே பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர்.

(டெரிக்: 'அவனைப் பத்தி நல்லா எழுதிட்டே. கொஞ்சம் குறை.' முடியாது.)

5

இப்போது போன மாதத்துச் சனிக்கிழமை. லவினாவுக்கு எதிரணி தியோடரின் பள்ளிக்கூடம்தான். அங்கே இன்று தமிழ்ப் பிள்ளைகள் கொஞ்சம்தான். பாட்டு எப்போதோ உதிர்ந்துபோயிருக்கிறது. தட்டு மட்டும் சீனியர்களிடமிருந்து ஜூனியர்களுக்கு இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. எதிரணி ஃப்ரீ த்ரோவுக்கு நின்றால் பலகையில் தட்ட வேண்டும், ஏன் என்று எவருக்கும் தெரியாது.

லவினா நின்றாள். டொக் டொக்... டம். முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. இரண்டாவது வளையத்தைத் தொடவே இல்லை. நான் டெரிக்கைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். கோபம் என்று நினைத்தேன்.

பாதி ஆட்டம் முடிந்ததும் லவினா வந்து பாட்டிலைக் காலடியில் போட்டாள்.

'டாடி, நான் செகண்ட் ஹாஃப் எறங்க மாட்டேன். அந்தச் சத்தம் வந்தா பந்து எங்கியோ போவுது. எல்லாரும் என்னைத்தான் ஏதோ திட்டறாங்க.'

அவளுக்குப் பின்னாலேயே விசில் மாலையோடு தியோடர். முகம் வெளுத்திருந்தது.

'சாரி மச்சா. சர்குலர் வேற வந்திருக்கு, எதிர் டீமுக்குத் தொந்தரவா ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு. இதுங்களுக்கு அர்த்தம் தெரியாதுடா. ஒரு வார்த்தை சொன்னா போதும், இன்னியோட நிறுத்திடுவாங்க. அன்னிக்கு நான் கட்டின—'

'தெரியும்டா. விடு.'

'அப்போ நிறுத்திடட்டா?'

டெரிக் அந்தக் கேலரிப் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆடுகோடி வீடு இல்லை, கடை இல்லை, சுத்தியல் எங்கே போனதென்றே தெரியாது. அப்பாவின் கை இந்த ஊரில் மிச்சமிருப்பது எதிரிக் கேலரியில்தான். நிறுத்தினால் அதுவும் போய்விடும். நிறுத்தாவிட்டால் அன்றைக்கு இவன் நின்ற மாதிரி இன்று மகள் நிற்பாள்.

6

இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் கிடைத்தன.

(அ) டெரிக் 'நிறுத்து' என்கிறான். கேலரி அடங்குகிறது, லவினா போட்டுத் தள்ளுகிறாள். பள்ளி ஆண்டு மலருக்கு ஏற்ற முடிவு, பிரின்சிபல் ஃபாதர் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

(ஆ) டெரிக் 'தட்டட்டும்' என்கிறான். மகள் அந்தத் தாளத்திலேயே பந்தைத் தட்டித் தட்டி வீசுகிறாள். சினிமாக்காரர்கள் கைதட்டுவார்கள், நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

டெரிக் செய்தது வேறு.

'நிறுத்திடு தியோ. ஆனா இப்போ ஒரே ஒரு வாட்டி தட்டச் சொல்லு. கோர்ட்ல யாரும் இல்லியே, யாருக்கும் தொந்தரவில்ல. நான் கேட்டுக்கறேன்.'

தியோடர் அவனையே பார்த்தான். பிறகு கேலரிக்கு முன்னால் போய் நின்று, பழைய தலைவன் மாதிரி கையைத் தூக்கினான்.

டொக் டொக்... டம். டொக் டொக்... டம். காலிக் கோர்ட் முழுக்க அப்பா.

டெரிக் அழுதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பப்ஸ் பேப்பரால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூச்சமே இல்லாமல் அழுதான். 'வாங்கப்பா' என்றான். நான் கேட்டேன். நானும் அழுதேன், எனக்கென்ன கல் நெஞ்சா?

'என்ன டாடி? அத்தை, என்ன ஆச்சு?'

'உங்க தாத்தா ஆணி அடிக்கிற சத்தம்டி இது' என்றேன்.

லவினா காது கொடுத்துக் கேட்டாள்.

'இவ்ளோதானா? திட்டறாங்கன்னுல்ல நெனச்சேன்!'

'திட்டுதான்டி. ஆனா அது வந்து—'

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. பல நாள் முயன்றேன்.)

தியோடர் கையை இறக்கினான். சத்தம் நின்றது. அதற்குப் பிறகு அங்கே யாரும் தட்டவில்லை.

7

இரண்டாம் பாதியில் லவினா இறங்கினாள். கடைசியில் அவளுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. கேலரி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் பந்தைத் தரையில் மெதுவாக இரண்டு தரம் தட்டினாள், ஒரு மூச்சு விட்டாள்.

(டெரிக்: 'ஸ்கோர் போடுடி. ஃபைனல் கதையில ஸ்கோர் இல்லாமயா?')

போட மாட்டேன். பந்து இன்னும் அவள் கையிலேயே இருக்கட்டும், எனக்கு அதில் ஒரு பேராசை. ஸ்கோரைச் சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும், கேலரியைக் காலி செய்துகொண்டு எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். இவ்வளவு வருஷம் கழித்து மேட்ச் பார்க்க வந்திருக்கிறவரும் எழுந்துவிடுவார்.

போகும்போது வாசலில் நிறுத்தி, உங்களிடம்தான் கேட்பார், 'ஜெயிச்சியா?' என்று. நீங்களே அவருக்கு ஒரு பதில் சொல்லிவிடுங்கள்.