படத்துக்குக் கீழே ஊர்ப் பெயர்

அந்தக் கண்மாயின் பெயரை நான் சொல்ல மாட்டேன். சொல்லித்தான் என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கெடுத்தார். ஆமத்தூருக்குத் தெற்கே இருக்கிறது, அம்மட்டோடு விட்டுவிடுங்கள்.

அவர் பெயர் அசன் முகம்மது. எழுபத்தொன்றில் பட்டாளத்தில் சண்டை போட்டுத் திரும்பியவர். கல்யாணம், காதுகுத்து என்று படம் எடுத்துத்தான் பிழைத்தோம். ஆனால் கல்யாண வீடு அவருக்கு வேம்பாகக் கசக்கும். காடு, கண்மாய் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். விடியும் முன்பே கேமராவையும் பிளாஸ்க்கையும் வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "பேசாம அந்த நாரையையே நிக்காஹ் பண்ணியிருக்கலாமே" என்பேன். சிரிப்பார்.

வெடிச்சத்தம் மட்டும் அவருக்கு ஆகாது. பட்டாசு செய்கிற இந்தச் சிவகாசிச் சீமையில் அப்படி ஒரு மனிதர் எங்கே போய் ஒளிவார்? தீபாவளியன்று அந்தக் கண்மாய்க்குப் போவார். அந்த ஊர்க்காரர்கள் வருடம் முழுக்கப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். ஆனால் நாரை கலைந்துவிடும் என்று தங்கள் ஊரில் ஒரு வெடிகூடப் போட மாட்டார்கள். பிள்ளைகளுக்கு மத்தாப்போடு சரி. கரையில் உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு, சாயங்காலம் தெளிந்த முகத்தோடு வருவார். அந்த முகத்துக்காக நானும் தீபாவளியை எதிர்பார்ப்பேன்.

2004இல் நாரைக் கூட்டம் மொத்தமாக எழும்பும் படம் ஒன்று அமைந்தது. அதற்கு எத்தனை காலைகள் அசையாமல் காத்துக் கிடந்தாரோ! சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் காசிராஜன் கேட்டதும் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"கீழ ஊர்ப் பேரையும் போடுங்க. அந்தச் சனங்க செய்யுறது நாலு பேருக்குத் தெரியணும்ல" என்றார்.

நல்ல மனசுதான். நல்ல மனசு இருந்தால் போதுமா?

வீட்டுக்கு வீடு அந்தக் காலண்டர் தொங்கியது. பொங்கல் விடுமுறையில் வேன் பிடித்துக்கொண்டு கூட்டம் வந்தது. நாரைகள் குஞ்சுகளோடு மரத்தில் உட்கார்ந்திருந்தன. "படத்துல மாதிரி பறக்க மாட்டேங்குதே" என்று ஒருவன் வெடியைப் பற்றவைத்தான். நம் சீமையில் யார் பையில்தான் வெடி இல்லை?

இவரும் அங்கேதான் நின்றிருக்கிறார். சத்தம் கேட்டதும் பட்டாளத்துப் பழக்கத்தில் மண்ணில் குப்புற விழுந்துவிட்டார். கூட்டம் சிரித்ததாம். தலையைத் தூக்கினால் வானம் முழுக்க நாரை, அச்சு அசல் காலண்டரில் இருந்தபடியே. அவை இறங்கும் முன் அடுத்த வெடி, அதற்கடுத்து இன்னொன்று. மறுநாள் மரத்தில் குஞ்சுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

அந்த ஊர் வள்ளித்தாய், வெடிக்குத் திரி வைக்கிறவள், அவரைத் திட்டவில்லை. "எங்க புள்ளைகள ஒரு வெடி போட விட்டதில்லையே, சார்" என்று மட்டும் சொன்னாளாம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் இவருக்கு மனசு கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

அடுத்த தீபாவளிக்கும் பிளாஸ்க்கில் டீ ஊற்றிக் கொடுத்தேன். போன வேகத்தில் திரும்பி வந்தார். மூடிகூடத் திறக்கவில்லை.

"என்ன அதுக்குள்ள வந்துட்டீக?"

"அங்கனயும் வெடிக்கிறாக, மெகரு. நாரைதான் ஒண்ணுகூட வரலையே. வள்ளித்தாயே பத்தவச்சுக் கொடுக்கா. புள்ளைகளுக்கு எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா?"

உள்ளறையில் போய் உட்கார்ந்து, காதில் அடைக்கப் பஞ்சு கேட்டார். வீடு முழுக்கத் தேடினேன். தீபாவளிக்குப் பஞ்சு வாங்கி வைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை.